நிழலுக்கு முறை வைத்த கதையும் உன் இரண்டு புத்தகங்களும்

சேகரு, நீ எழுதிய ஆறு பக்கமும் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே, "இன்னாம்மா, புள்ள சொத்தப் பிரிச்சிக் கேக்கறானா, இவ்ளோ கனமா கீது" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. நடுநடுவே எறாவைக் காயப் போடவும் காக்கையை விரட்டவும் எழுந்து போவேன். திரும்பி வந்தால் எந்த வரியில் நின்றேன் என்று தெரியாது. மறுபடியும் "அன்புள்ள அம்மாவுக்கு" என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். அந்த வகையில் நீ என்னை நாலு தடவை அன்புள்ள அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய். நேரில் வந்தால் ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டாய், சோறு இருக்கா என்றுதான் கேட்பாய். அதனால் கடிதமே நல்லது.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான், தப்பாக இருந்தால் சொல். உன் கல்லூரி வாத்தியார் வேலையை விட்டு ஓய்வாகி மகள் வீட்டோடு போகிறார். அலமாரியைக் காலி செய்கிறார். உன்னைக் கூப்பிட்டு இரண்டு தடிப் புத்தகத்தை எடுத்து வைத்து, ஒன்று உனக்கு, மற்றது இன்னொரு மாணவனுக்கு, நீ முதலில் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். ஒன்று, நாடும் நாடும் எப்படிப் பேசிக்கொள்வது, எப்படி உடன்படிக்கை போடுவது என்று சொல்கிற புத்தகம். இன்னொன்று, இந்த நூற்றைம்பது வருஷமாக உலகத்தில் என்னென்ன நடந்தது என்கிற சரித்திரம். கடையில் வாங்க நம்மால் ஆகாது. எந்தப் புத்தகம் கைக்கு வருகிறதோ அந்தப் பாடத்தைத்தான் டில்லி சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு எழுதிக் கொடுக்க முடியும். திங்கட்கிழமைக்குள் வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பரீட்சை தவறினால், நைனாவுக்குக் கொடுத்த வாக்குப்படி ஊருக்குத் திரும்ப வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று கல் நட்டு அளந்துகொண்டிருக்கிறார்களே, அங்கே ஏதாவது ஒரு வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதனால் இருப்பது ஒரு தடவை, எடுக்க வேண்டியது ஒரு புத்தகம். எதை எடுப்பது, அம்மா?

கேட்டாயே ஒரு கேள்வி, கேட்டாயே ஓர் ஆளை. மீன்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், இரண்டையும் தூக்கிப் பார்த்து எது கனமோ அதை எடு என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். நைனாவுக்கும் படித்துக் காட்டினேன். வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சரித்திரமே எடுத்துக்கச் சொல்லு. செத்தவங்க எழுந்து வந்து சண்ட போட மாட்டாங்க. உயிரோட கீறவங்ககைல பேசறதுதான் பேஜாரு." என்னோடு இருபத்தைந்து வருஷம் பேசிய அனுபவம் அது, தள்ளிவிட முடியாது.

ஆனால் உன் கடிதத்தை இரண்டாம் தடவை முழுசாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நீ புத்தகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. தப்பானதை எடுத்துவிட்டால் அப்புறம் ஆயுசு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்குத் தெரியும். தப்பானதை எடுத்துவிட்டு, பத்து வருஷமாக அதை மடியிலேயே கட்டிக்கொண்டு மீன் விற்கிறவள் நான். அதைத்தான் இப்போது உனக்கு எழுதப்போகிறேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் அதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். உனக்குப் பத்துப் பதினொரு வயசு இருக்கும்போது, மீன் கட்ட வாங்கும் பழைய பேப்பரில் வெளிநாட்டுச் செய்தி இருந்தால் உருவி எடுத்துப் பெட்டிக்கு அடியில் அடுக்கி வைப்பாய். ஒரு நாள் அந்தக் கட்டு காணாமல் போய், பெருச்சாளி இழுத்துப் போயிருக்கும் என்று நான் சொன்னேன். நீ மூன்று நாள் வளை வளையாகத் தோண்டினாய். பெருச்சாளி இல்லை, நான்தான். அன்றைக்குக் கூட்டம் அதிகம், பேப்பர் தீர்ந்துவிட்டது. எந்த நாட்டுத் தலைவரோ எந்த நாட்டுத் தலைவருக்கோ கை கொடுத்த படம், நாலு நண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போனது. நீ டில்லிக்குப் போய் அந்த மாதிரி ஒரு படத்தில் நின்றால் இதை மன்னித்துவிடு.

இப்போது பெரிய தப்புக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே சந்தைத் திடலில் நாங்கள் உட்காருகிற புளியமரம் உனக்குத் தெரியும். ஐஸ் கட்டியெல்லாம் பட்டணத்து மீனுக்குத்தான். நம் மீனுக்கு மரத்து நிழல்தான் ஐஸ். நிழலில் வைத்த மடவை பகல் வரைக்கும் கண் தெளிவாக இருக்கும். வெயிலில் வைத்தது நாஷ்டா நேரம் தாண்டினாலே கண் கலங்கிவிடும், வாங்க வருகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுவாள். ரொம்ப காலம் அந்த நிழலில் ஏரிக்கரைப் பெண்கள் நாங்கள் மட்டும்தான் உட்கார்ந்தோம். பிறகு ஏரிக்கரை வரைக்கும் பஸ் விட்டார்கள். அக்கரைக் கடலோரக் குப்பத்துப் பெண்கள், படகில் ஏரியைத் தாண்டி அந்த பஸ்ஸைப் பிடித்து, நெத்திலியும் சங்கராவும் கூடையோடு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கு அப்போது பதின்மூன்று வயசு, பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய். அதனால் அந்தச் சண்டையை நீ பார்க்கவில்லை. நல்ல வேளை.

அவர்கள் பக்கம் பேச முன்னால் நின்றவள் தனலட்சுமி. உனக்கு அவளைத் தெரியும். சந்தைக்கு வந்தால் உன் சட்டைப் பையில் வேர்க்கடலையைக் கொட்டி, "இன்னாடா, இளைச்சிட்ட" என்று கன்னத்தைக் கிள்ளுவாளே, பல் நீண்டவள், அவள்தான். எங்கள் பக்கம் பேச என்னைத் தள்ளிவிட்டார்கள். வாய் பெரிசு என்கிற ஒரே தகுதிதான். இரண்டு பக்கமும் கூடையை வைத்துவிட்டு நின்றோம். நான் சரித்திரத்தில் ஆரம்பித்தேன்.

"எங்க மாமியா காலத்துலருந்து இந்த எடத்துல குந்திக்கினு கீறோம். இந்த மரம் முழங்கால் ஒசரம் இருந்தப்பவே அவங்க இங்கதான் யாவாரம் பண்ணாங்க."

தனலட்சுமி மரத்தை அண்ணாந்து பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள். "முழங்கால் ஒசர மரத்துல உங்க மாமியாளுக்கு நெழலு எங்கமே கெடச்சுது? கால் கட்டவெரல மட்டும் நெழல்ல வச்சிக்கினு குந்திச்சா?"

அவர்கள் பக்கம் சிரித்தது பரவாயில்லை, எங்கள் பக்கமும் சிரித்துவிட்டது. ஊரையே கேலி பண்ணுகிறவளுக்கு, தன்னைக் கேலி பண்ணினால் தாங்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காது சூடாகிவிட்டது. கையில் இருந்த அடுத்த கல்லை யோசிக்காமல் எடுத்து வீசினேன். "புயல்ல ஊடு வாசலு போயி, எங்க ஊர்ல வந்து ஒரு மாசம் கஞ்சி குடிச்சவங்கதான நீங்க? இன்னிக்கி எங்ககைலயே எடம் கேக்கறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. தனலட்சுமியின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு குனிந்து கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடி, வெயில்ல குந்தலாம். மீனு காஞ்சா கருவாடு, கெட்டாப் போவுது" என்று நடந்தாள். நாங்கள் நிழலை ஜெயித்தோம். அன்றைக்கு என் கூடையில் இருந்தது அத்தனையும் விற்றது. என்ன மீன் விற்றேன் என்று கேட்டால் தெரியாது.

அவள் வாயைத் திறந்து மூடினாளே, அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதுதான் உனக்கு நான் சொல்லாதது. அந்தப் புயல் அடித்தபோது நீ மூன்று மாதக் குழந்தை. கடலோரக் குப்பம் அப்படியே போய்விட்டது. படகில் தப்பியவர்கள் நம் ஊருக்கு வந்தார்கள், நம் வீட்டில் தனலட்சுமி குடும்பம் தங்கியது. கஞ்சி ஊற்றியது நிஜம். ஆனால் நான் எங்கே ஊற்றினேன்? நான் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தேன். பால் வற்றிவிட்டது. நீ கத்திக் கத்திக் குரல் போய், கடைசியில் கத்தவும் விட்டுவிட்டாயாம். தனலட்சுமிக்கு உன் வயசில் ஒரு பெண் குழந்தை. வீடு போய், வலை போய், கட்டியிருந்த புடவை ஒன்றோடு வந்தவள், ஒரு பக்கம் தன் மகளையும் ஒரு பக்கம் உன்னையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுந்து நடக்கிற வரைக்கும் உன்னைக் கீழே விடவில்லை. எங்கள் கஞ்சியை அவள் குடித்தாள், அதைப் பாலாக்கி உனக்கே கொடுத்தாள். நம் ஊருக்கே இது தெரியும். உனக்குத் தெரியாது. முதலில் சொல்ல ஒரு வேளை வரவில்லை. மரத்தடிச் சண்டைக்குப் பிறகு சொல்ல எனக்கு முகம் இல்லை. நைனாவையும் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

நான் சொன்ன சரித்திரத்தில் பொய் இல்லை, சேகரு. அதுதான் அதில் மோசம். பாதி நிஜத்தைச் சொல்லிவிட்டு மறுபாதியை முழுங்கினேன். அவளும் அதே மறுபாதியைத் தெரிந்துகொண்டுதான் வாயை மூடினாள். "உன் புள்ளயக் கேளுமே, யாரு பாலக் குடிச்சான்னு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தத் திடலில் கால் வைத்திருக்க முடியாது. சொல்லவில்லை. இரண்டு பேரும் சும்மா இருந்தோம். ஆனால் இரண்டும் ஒன்றா?

அப்புறம் கொஞ்ச நாள் அவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். மீன் கெடுவதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டும் என்று வந்த விலைக்குக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் அங்கே போனார்கள். நிழல் எங்களிடம், ஆள் அவர்களிடம். எனக்கு அது உறைக்கவில்லை. அவள் முதுகில் வெயில் அடிப்பதுதான் கண்ணில் பட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் கூடையோடு சேர்த்து அதையும் சுமந்துபோவேன், விற்காத மீன் மாதிரி திருப்பிக் கொண்டுவருவேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் பாடு பிரித்தார்கள். ஏரியில் எந்தெந்த நாள், எந்தெந்த இடத்தில், யார் யார் வலை கட்டுவது என்று கோயில் வாசலில் சீட்டு எடுத்து முறை வைப்பதை நீ சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். நைனாவுக்கு முதல் முறையே மோசமான இடம். திட்டிக்கொண்டு வருவார் என்று பார்த்தால், "இன்னிக்கி சேறு, நாளான்னிக்கி எறா. முற சுத்திக்கினு வரும், எங்க ஓடிப் போவுது" என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். கள்ளுக்கடையில் மண்டையை உடைத்துக்கொள்கிற ஆம்பிளைகள் ஏரிக்குள் அடுத்தவன் பாடு இருக்கிற இடத்தில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் தாத்தா வலை கட்டிய இடம் என்று அங்கே ஒருவனும் பேச முடியாது. எல்லார் தாத்தாவும் எல்லா இடத்திலும் கட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நான் நேராக வெயிலுக்குப் போனேன். தனலட்சுமி பக்கத்தில் கூடையை இறக்கி, எறாவைக் கூறு கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இன்னாமே, உங்க மாமியா மரம் சாஞ்சிட்சா?"

"சாயல. இன்னிக்கி உங்க பாடு. நீங்க போயி நெழல்ல குந்துங்க. நாளைக்கி எங்க பாடு."

அவள் ஒரு சங்கராவை எடுத்துச் செதில் சீவி முடித்துவிட்டுக் கேட்டாள். "மழ பேஞ்சா?"

"மழ பேஞ்சா எல்லாரும் மரத்தடிதான்."

"காத்து அடிச்சி நாங்க கடலுக்குப் போவாத நாளு?"

"அந்த நாளு தள்ளி வரும். ஏரி வத்துச்சுன்னா எங்களுக்கும் அப்டித்தான்."

"உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

"அவங்கதான என்னியப் பேச அனுப்புனாங்க. இந்த வாய அனுப்புனதுக்கு அனுபவிக்கட்டும்."

அப்போதுதான் அவள் சிரித்தாள், நீண்ட பல் தெரிய. உன் புத்தகத்தில் உடன்படிக்கைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களோ தெரியாது. எங்களுடையது இரண்டு கூறு எறா விற்பதற்குள் முடிந்துவிட்டது. பத்து வருஷமாக முறை மாறவில்லை. புதிதாகக் கட்டிக்கொண்டு வருகிற மருமகள்கள்கூட, இன்றைக்கு யார் பாடு என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறார்கள். ஆனால் அந்த வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நிழலுக்கு வழி கண்டுபிடித்ததில் அதையும் சேர்த்துத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தீரவில்லை. தீர்ந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

இப்போது உன் புத்தகத்துக்கு வருகிறேன். சரித்திரத்தை எடு. நைனா சொன்ன காரணத்துக்காக இல்லை. செத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், என் மாமியார் வரவில்லையா? நடந்தது முழுசாகத் தெரியாமல் பேசப் போகிறவன் வாயில் என்ன வரும் என்பதை நான் பார்த்துவிட்டேன். உனக்கு உன் சரித்திரமே பாதிதான் தெரிந்திருந்தது, இன்றைக்குத்தான் மீதி கைக்கு வருகிறது. அதனால் முதலில் அது. இது தப்பாகப் போனால் அம்மாதான் சொன்னாள் என்று என் தலையில் போடு. கூடை சுமந்த தலை, இன்னும் கொஞ்சம் தாங்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு பக்கம் எழுதினாயே, மற்றப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளப் போகிற அந்த மாணவனைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்? அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனும் இப்போது ஏதோ ஓர் அறையில், நீ எதை எடுத்துக்கொள்வாயோ, தனக்கு எது மிஞ்சுமோ என்று விழித்துக்கொண்டு கிடப்பான். திங்கட்கிழமை வாத்தியார் வீட்டுக்குத் தனியாகப் போகாதே, அவனையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு வாரம் சரித்திரம் உன்னிடம், மற்றது அவனிடம். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் என்றால் இரண்டு பேரும் ஒரே மரத்தடிதான். ஏரிக்கரையில் பிறந்துவிட்டு, ஒன்றை எடுத்தால் மற்றதை இழந்துவிட வேண்டும் என்று ஆறு பக்கம் அழுதிருக்கிறாயே, உன்னைப் படிக்க வைத்தது வீண்தானா என்று நைனா கேட்கிறார். அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். அந்தப் பையனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று புத்தகத்தில் தேடாதே. அந்தப் பாடத்தை நீ மூன்று மாதக் குழந்தையிலேயே குடித்துவிட்டாய்.

இதை எழுதி முடித்து ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று வியாழக்கிழமை, தனலட்சுமி ஆட்களின் பாடு. நான் வெயிலிலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு எழுதியது, கேட்கிறாயா என்றேன். படி என்றாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். புயல் வந்த இடத்தில் மூக்கைச் சிந்திவிட்டுப் படித்தேன். அவள் நெத்திலியில் குப்பை பொறுக்கிக்கொண்டே கேட்டாள், ஒரு தடவையும் நிமிரவில்லை. முடிந்த பிறகு சொன்னாள்.

"ஒரு மாசம்னு எழுதிக்கீற."

"ஆமா."

"நாப்பது நாளு. புள்ள சரித்திரம் படிக்கப் போவுது, அதுக்குத் தப்பா எழுதாத. அடிச்சி எழுது."

அடித்து எழுதினால் காகிதம் கிழியும், சேகரு. மேலே நான் ஒரு மாசம் என்று கத்திய இடத்தில் நீ நாற்பது நாள் என்று படித்துக்கொள். பரீட்சை முடிந்து வருகிறபோது ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வராமல், படகு ஏறி நேராக அக்கரைக்குப் போ. சோறு அங்கே ஆக்கி வைப்பாளாம். உனக்கு முதல் சோறு யார் பாடு என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிவிட்டோம்.